‘ஆவது’ என்று சொல்லாதிருப்போம்

மே மாதம் வந்துவிட்டால் நம் பங்குகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும், மதிப்பெண் பட்டியலும் கையுமாகப் பெற்றோர் சிலர் கோயில் வாசலில் பங்குத் தந்தையைச் சூழ்ந்து நிற்பர். மேனிலைத் தேர்வின் முடிவுகள் வந்திருக்கும். பிள்ளையை எதில் சேர்ப்பது, எங்குச் சேர்ப்பது, எவ்வளவு செலவாகும் என்பனவே அன்று பேச்சு.

அத்தகைய ஒரு ஞாயிறன்று நாமும் அருகில் நின்றிருந்தோம். தச்சுத் தொழிலாளி ஒருவரின் மனைவி தம் மகளை முன்னே நிறுத்திக்கொண்டு, “நர்சிங்குக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், சாமி. கிடைக்காவிட்டால் காலேஜ். அதுவும் அமையவில்லை என்றால் டீச்சர் டிரெயினிங்குக்காவது அனுப்பிவிடலாம் என்று இவள் அப்பா சொல்கிறார்” என்றார். மகள் தலைகுனிந்து நின்றாள். அவள் உள்ளம் முதலிலிருந்தே நாடியது அந்தப் பயிற்சியைத்தான் என்பது நமக்குப் பின்னரே தெரிய வந்தது.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தாயின் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு சொல்லே நம் நெஞ்சில் உறுத்தியது. அது ‘ஆவது’ என்னும் சொல். மருத்துவத்துக்காவது அனுப்பலாம் என்று எவரும் சொல்வதில்லை. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பணிக்கு மட்டும் நாம் ஏன் அச்சொல்லை ஒட்டவைக்கிறோம்?

எளிய வேலையா?

‘ஒன்றாம் வகுப்புப் பாடந்தானே, எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் சொல்லிக் கொடுக்கலாம்’ என்னும் எண்ணமே இதற்கு வேர். இந்த எண்ணம் சரியா என்பதை நம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான்கு அல்லது ஐந்து வயதுக் குழந்தையின் முன் எட்டுப் புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாக வையுங்கள். அதன் கீழே, ஒன்றுக்கு நேராக ஒன்றாக, இன்னும் எட்டை வையுங்கள். இரண்டும் சமமா என்று கேட்டால், சமம் என்று குழந்தை சொல்லும். பிறகு குழந்தையின் கண்ணெதிரிலேயே கீழ் வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீளமாகப் பரப்பிவிட்டு, மறுபடியும் கேளுங்கள். ‘கீழே உள்ளதுதான் அதிகம்’ என்று பல குழந்தைகள் தயங்காமல் சொல்லும்.

குழந்தை மந்தமா? இல்லை. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) இத்தகைய சோதனைகள் பலவற்றை நடத்தி, குழந்தையின் சிந்தனை பெரியவர் சிந்தனையின் சிறிய வடிவம் அன்று என்று காட்டினார். பொருள்களை இடம் மாற்றி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது நமக்குக் கண்கூடு. ஆனால் அந்தத் தெளிவு பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு, ஏழு வயதளவிலேதான் உறுதிப்படுகிறது. இதனை அறியாதவர் குழந்தையைக் கடிந்துகொள்வார். அறிந்தவரோ கொட்டைகளை அதன் கையிலேயே கொடுத்து, எண்ணவும் சேர்க்கவும் பிரிக்கவும் விட்டு, அந்தத் தெளிவு பிறக்கும்வரை காத்திருப்பார். காத்திருக்கவும் பயிற்சி வேண்டும்.

தமிழ் எழுத்துகளையே எடுத்துக்கொள்வோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இத்தனையையும் தனித்தனி உருவங்களாக மனப்பாடம் செய் என்றால் ஐந்து வயதுப் பிள்ளை மலைத்துப் போகாதா? ‘அ’ என்பது நெடுங்கணக்கில் முதல் எழுத்தாயினும், எழுதுவதற்கு முதல் எழுத்தன்று. அதன் வளைவும் சுழியும் பழகாத விரலுக்குக் கடினமானவை. மாறாக, ட, ப, ம ஆகிய மூன்றும் பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆனவை. இம்மூன்றையும் புள்ளியையும் அறிந்த பிள்ளை, படம், பட்டம், மடம், மட்டம் என்று அன்றே சொற்களைப் படித்துவிடுகிறது. ‘எனக்குப் படிக்கத் தெரியும்’ என்னும் மகிழ்ச்சி முதல் வாரத்திலேயே அதற்குக் கிடைத்துவிடுகிறது. எந்த எழுத்தை எப்போது, எதற்குப் பிறகு கற்பிப்பது என்பது தமிழ்ப் புலமையால் மட்டும் வருவதன்று. பெரும் புலவராயிருப்பவரும் ஒன்றாம் வகுப்பில் திணறக்கூடும்.

பணியாளினும் தாழ்ந்தவரா?

தொடக்கப் பள்ளி ஆசிரியரைக் குறைவாக மதிப்பிடுவது நம் காலத்தில் மட்டும் தோன்றிய குற்றம் அன்று. ஆசிரியர்களுக்கெல்லாம் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசாலும் அந்த எண்ணத்திலிருந்து மீண்டவரே.

அவர் 1651ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ரெய்ம்சு நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். மறைமாவட்டப் பேராலயத்தில் உயர் பொறுப்பு வகித்த குரு. ஏழைச் சிறுவர்க்கான பள்ளிகளுக்கு உதவ நேர்ந்தபோது, அங்குக் கற்பித்தவர்களைக் கண்டார். அவர்கள் போதிய பயிற்சியோ நிலையான ஊதியமோ சமுதாயத்தில் மதிப்போ இல்லாதவர்கள். அவர்களைத் தம் வீட்டுப் பணியாளினும் தாழ்ந்தவராகவே தாம் முதலில் கருதியதாக அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். ஆயினும் 1681இல் அவர்களைத் தம் இல்லத்திலேயே தங்க வைத்தார். உறவினர் முகம் சுளித்தனர். அவரோ 1683இல் பேராலயப் பதவியைத் துறந்தார். பஞ்ச காலத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, அந்த ஆசிரியர்களுள் ஒருவராகவே வாழலானார்.

அவர் செய்த மாற்றங்களுள் இரண்டு இன்றும் நமக்குப் பாடமாக உள்ளன. முதலாவது, சிறுவர்க்கு முதலில் இலத்தீனைப் படிக்கக் கற்பிக்கும் வழக்கத்தை விட்டு, அவர்தம் தாய்மொழியாகிய பிரெஞ்சிலே தொடங்கியது. இரண்டாவது, 1685இல் ரெய்ம்சில் நாட்டுப்புறப் பள்ளி ஆசிரியர்க்கென்று ஒரு பயிற்சி இல்லத்தைத் திறந்தது. ஐரோப்பாவின் தொடக்ககால ஆசிரியப் பயிற்சி நிலையங்களுள் ஒன்றாக அதனை வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். பிறர்க்குக் கற்பிப்பவர் தாம் முதலில் கற்பிக்கக் கற்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1719இல் இறந்த அவருக்கு 1900இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. 1950இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

மணலும் விரலும்

இத்தாலியப் பெண் மருத்துவர் மரியா மாண்டிசோரியின் வரலாறு நம் மண்ணோடு தொடர்புடையது. உரோமை நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 1907 சனவரி 6ஆம் நாள் அவர் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார். 1939இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கச் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டு இத்தாலி எதிரி நாடாகிவிட்டமையால் ஊர் திரும்ப இயலவில்லை. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். 1946வரை அவர் இங்கிருக்க நேர்ந்ததால், நம் நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் அவரிடமே நேரில் பயிலும் வாய்ப்புப் பெற்றனர்.

அவர் கையாண்ட கருவிகளுள் ஒன்று சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. குழந்தை அதன்மேல் விரலை ஓட்டும். வாய் அதன் ஒலியைச் சொல்லும். கண் அதன் வடிவைக் காணும். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கிய முன்னோரை இது நினைவூட்டவில்லையா? பென்சிலைப் பிடிக்க வலுவில்லாத விரலுக்கும் எழுத்தின் போக்கை உணரும் ஆற்றல் உண்டு. மாண்டிசோரி ஆசிரியர்க்கு வலியுறுத்திய முதல் பாடம் பேசுவது அன்று, குழந்தையை உற்றுநோக்குவது. எது எப்போது தேவை என்று அறிந்து கொடுத்துவிட்டு, வேண்டாத இடத்தில் விலகி நிற்க ஆசிரியர் பழக வேண்டும் என்றார்.

இரண்டு ஆண்டுகளில் கற்பது என்ன?

தமிழகத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புவோர், மேனிலைக் கல்வியை முடித்தபின் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி பெறுகின்றனர். 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும், அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும், தனியார் நிறுவனங்களிலும் இது நடைபெறுகிறது. குழந்தை வளர்ச்சியும் உளவியலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் முறைகளும் பாடங்கள். பாட்டு, கதை, ஓவியம், கைவேலை, கரும்பலகையில் எழுதும் முறை ஆகியவற்றையும் பழகுகின்றனர்.

இவை யாவற்றினும் முதன்மையானது கற்பித்தல் பயிற்சி. மாணவ ஆசிரியர் உண்மையான பள்ளிக்குச் சென்று, பாடக்குறிப்பு எழுதி, கருவிகளைத் தாமே செய்து, குழந்தைகள் முன் நிற்க வேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் வகுப்பின் கடைசியில் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று எண்ணிய பாடம் அரை மணியாகியும் முடியாது. அரை மணிக்கென்று எழுதிவந்த பாடமோ ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். நாற்பது கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும்! தாம் பேசியது எத்தனை, பிள்ளைகள் பேசியது எத்தனை என்று அன்று மாலை எண்ணிப் பார்ப்பவரே மறுநாள் சிறிது முன்னேறியிருப்பார்.

இது தனிக் கலை என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியுள்ளது. கல்லூரிப் பட்டத்துக்குப் பின் பெறும் பி.எட். தகுதியைத் தொடக்க வகுப்புகளுக்கும் ஏற்கலாம் என்று 2018இல் வெளியிடப்பட்ட அறிவிக்கை செல்லாது என 2023 ஆகஸ்டு 11ஆம் நாள் அம்மன்றம் தீர்ப்பளித்தது. பெரிய வகுப்புக்குக் கற்பிக்கப் பயின்றவர் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயின்றவர் ஆகமாட்டார் என்பதே அதன் சாரம். உயர்ந்த பட்டம் பெற்றவர் தாழ்ந்த வகுப்பை எளிதில் நடத்திவிடலாம் என்னும் எண்ணம் அன்று சட்டப்படியும் தள்ளப்பட்டது.

மறைக்காமல் சொல்வோம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, இப்பணியின் இடர்களை மறைத்தல் நேர்மை ஆகாது. பட்டயம் பெற்றதும் வேலை கிடைத்துவிடும் காலம் மலையேறிவிட்டது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின், ஆசிரியர் தகுதித் தேர்வும் இன்றியமையாததாயிற்று. தொடக்க வகுப்புகளுக்கான முதல் தாளில் 150 வினாக்கள்; குழந்தை வளர்ச்சி, இரு மொழிகள், கணிதம், சூழ்நிலையியல் ஒவ்வொன்றுக்கும் 30. அதில் தேறிய பின்னும் அரசுப் பள்ளி நியமனத்துக்குப் போட்டித் தேர்வு உண்டு. பணியிடங்கள் சில, விண்ணப்பிப்போர் பலர். தேறிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் நம் பங்குகளிலும் உள்ளனர். தனியார் பள்ளிகளிலோ ஊதியம் பல இடங்களில் மிகக் குறைவு.

ஆகவே பெற்றோர் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. சேரவிருக்கும் நிறுவனத்துக்கும் பாடத்துக்கும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஏற்பு உள்ளதா? மழலையர் வகுப்புக்குக் கற்பிக்க விரும்பினால், அதற்கென உள்ள இரண்டாண்டு முன்பருவக் கல்விப் பட்டயமா, வெறும் சில மாதச் சான்றிதழா? கற்பித்தல் பயிற்சிக்கு மாணவரை உண்மையாகவே பள்ளிக்கு அனுப்புகின்றனரா, ஏட்டில் மட்டும் காட்டுகின்றனரா? வகுப்புக்கு வராமலே பட்டயம் வாங்கித் தருகிறோம் என்று சொல்வோரின் வாசலை மிதிக்கலாகாது. அத்தகைய பட்டயத்தோடு வகுப்பறையில் நுழைபவரிடம் நம் பிள்ளையை விட மனம் வருமா?

மகன் இப்பயிற்சியை விரும்பினால் பல தந்தையர் வெட்கப்படுகின்றனர். ‘ஆண் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கா?’ என்கின்றனர். லசாலும் அவர்தம் சகோதரர்களும் ஆண்களே என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

நம் பள்ளிகளும் நாமும்

பிறரைச் சொல்லுமுன் நம்மையும் சற்று ஆய்ந்து பார்ப்போம். ‘ஆவது’ என்று சொன்ன அத்தாய் அதனை எங்கே கற்றார்? நம் சிற்றூர்களில் சில மழலையர் பள்ளிகளில், பத்தாம் வகுப்பு முடித்துச் சும்மா இருக்கும் பெண்ணை அழைத்து, கையில் சிறு தொகை கொடுத்து, நாற்பது குழந்தைகளை ஒப்படைத்துவிடுகிறோம். அப்பெண் நல்லவளே, உழைப்பவளே. ஆனால் அவளுக்கு நாம் பயிற்சியும் தரவில்லை, வாழத்தக்க ஊதியமும் தரவில்லை. அன்பு ஒன்றே போதும் என்று சமாதானம் கொள்கிறோம். அன்பு மட்டும் போதுமென்றால் மருத்துவமனையில் செவிலியர்க்கு ஏன் பயிற்சி?

தொடக்க வகுப்புகளுக்கு முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது சட்டத்தின் அளவு. நம் பள்ளிகள் அதனினும் மேலான முன்மாதிரி காட்ட வேண்டாவா? பணியிலிருக்கும் ஆசிரியர்க்கும் தகுதித் தேர்வு உண்டு என்று 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்னும் வினாவைப் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பியது. சிறுபான்மையினர் என்னும் முறையில் நமக்குள்ள உரிமையைக் காத்தல் வேண்டும். அதே வேளையில், நம் ஆசிரியர் எந்தத் தேர்வுக்கும் அஞ்சாத தகுதியுடையவராய் இருத்தலும் வேண்டும். உரிமை நம்முடையது, தகுதி நம்மிடம் வரும் பிள்ளைக்கு உரியது.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை நமக்கு உணர்த்துகிறது. பள்ளி ஆசிரியர் நம்மோடு அப்பொறுப்பைப் பகிர்ந்துகொள்பவர். நமக்கு அடுத்த இடத்தில் நிற்கப்போகும் ஒருவரை ‘ஏதோ ஒன்று’ என்று தேர்வது எப்படி?

அந்தத் தச்சரின் வீட்டில்

கோயில் வாசலில் நின்ற அப்பெண்ணுக்கு நர்சிங் இடம் கிடைக்கவில்லை. பயிற்சியில் சேர்ந்தாள். மறு ஆண்டு ஒரு மாலை அவ்வீட்டுக்குச் சென்றிருந்தோம். கற்பித்தல் பயிற்சிக்கென்று அவள் புளியங்கொட்டைகளும் புட்டி மூடிகளும் பைபையாகச் சேர்த்து வைத்திருந்தாள். அவள் கேட்டுக்கொண்டபடி, தந்தை சிறு பலகைகளில் எழுத்துகளைக் குடைந்துகொண்டிருந்தார். ‘ட’ முடிந்து ‘ம’வில் உளியை வைத்தவர் நிமிர்ந்து, “பிள்ளையின் விரல் எங்கே தொடங்கி எப்படிப் போகணும் அம்மா? அதற்கு ஏற்றபடி குடைகிறேன்” என்று மகளிடம் கேட்டார். அவள் தன் விரலாலே பலகைமேல் வரைந்து காட்டினாள். அவர் தம் விரலாலும் அதனை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்குதா!” என்றார்.

அவளது வகுப்பில், செங்கற்சூளை வேலைக்கு வந்த ஒடிசா மாநிலக் குடும்பத்தின் சிறுவன் ஒருவன் இருந்தானாம். மூன்று வாரமாக அவன் வாய் திறக்கவில்லை. மந்தம் என்று மற்றவர் விட்டுவிட்டனர். இவள் சூளைக்குச் சென்று அவன் தாயிடம் ஒன்று முதல் ஐந்துவரை ஒடிய மொழியில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். மறுநாள் கொட்டைகளை வைத்து அந்த மொழியிலேயே எண்ணத் தொடங்கி, மூன்றில் வேண்டுமென்றே நிறுத்தினாள். நான்கைச் சொன்னவன் அந்தச் சிறுவன். ஐந்தையும் சொன்னான். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. அவன் பத்துவரை சொல்லி முடித்தானாம்.

அண்மையில் ஒரு ஞாயிறன்று அத்தாயை அதே வாசலில் கண்டோம். அருகிலிருந்த ஒருவர் மகளைப் பற்றி விசாரித்தார். “ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் படித்தாள், இப்போது தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள்” என்றார் அத்தாய். வேலை இன்னும் அமையவில்லை, கவலையும் இருக்கிறது. ஆனால் அவர் பேச்சில் ‘ஆவது’ இல்லை.

அன்பார்ந்த பெற்றோரே! அடுத்த மே மாதம் உங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழலாம். சிறு பிள்ளைகளைக் கண்டால் முகம் மலர்கிற, ஒரே கேள்வியை நூறு முறை கேட்டாலும் சலிக்காத மகனோ மகளோ உங்களுக்கு இருந்தால், இடர்களை எடுத்துச் சொல்லுங்கள், நல்ல பயிற்சி நிலையத்தைத் தேடிக் கொடுங்கள், மனமுவந்து அனுப்புங்கள். அத்தகைய விருப்பம் இல்லாத பிள்ளையை மட்டும், வேறிடம் கிடைக்காத காரணத்துக்காக அனுப்பாதீர்கள். என்றோ ஒருநாள் உங்கள் பேரப்பிள்ளையின் விரல் எழுத்தைத் தேடி அலையும்போது, அதனருகில் அமர்ந்திருப்பவர் யார் என்பது இன்று நாம் செய்யும் தேர்வைப் பொறுத்ததே.